கறுப்பு போன அச்சு

சர்ரக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், இன்னும் கொஞ்சம் இழுத்து, சர்ர்ரக். யாரோ அரம் வைத்து இரும்பைத் தேய்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், நினைத்தவுடன் என் கையைப் பார்த்தேன், இந்த வீட்டில் இருக்கிற ஒரே அரம் என் கையில்தான் இருந்தது, சும்மா இருந்தது. மணி ஏழரை இருக்கும். மலையில் மார்கழி மாதத்து ஏழரை என்பது ஊரில் பதினொரு மணி. கரண்ட் ஆறரைக்கே போய்விட்டது. மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி, தொட்டிலில் அமலி, பத்து மாதம் ஆகிறது அவளுக்கு, கட்டைவிரலை வாயில் போட்டபடி தூங்குகிறாள், விரல் வாயிலிருந்து நழுவும்போதெல்லாம் முகம் ஒரு கேள்வி கேட்கிற மாதிரி ஆகி மறுபடி சரியாகிவிடுகிறது. நான் கதவைப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை, போட முடியாது, ஐப்பசி மழையில் கதவு ஊதிப்போனதிலிருந்து தாழ்ப்பாள் கம்பி நிலையில் இருக்கிற துளைக்கு நேராக வருவதில்லை, ஒரு நெல் அளவு கீழே போய் முட்டி நின்றுவிடுகிறது. என் வீட்டுக்காரர் இன்னாசி இருக்கிற ராத்திரிகளில் அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. "இந்தக் காட்டுக்குத் திருடன் வந்தான்னா பாவம், அவனுக்குச் சோறு போட்டு நாமதான் வழிகாட்டி அனுப்பணும்" என்பார். இன்றைக்கு அவர் இல்லை. காலையிலேயே கீழே டவுனுக்குப் போய்விட்டார், துப்பாக்கியை வாங்கி வர. எலெக்ஷன் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், எண்ணிக்கை முடிந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். ஒரு மாதமாக அது அங்கே மூலையில் சீட்டுக் கட்டித் தொங்கவிட்ட மற்ற துப்பாக்கிகளோடு நின்றுகொண்டிருந்தது, இங்கே அது இருந்த ஆணி மட்டும் சுவரில். சர்ர்ரக். நான் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டேன். மூச்சை நிறுத்தினால் காதுக்குள் தன் ரத்தமே சத்தம் போடுகிறது, அதனால் எதுவும் சரியாகக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நிறுத்தினேன்.

அரம் தேய்க்கிற சத்தம் என்றால் இந்த வீட்டில் அது மாமனாருடைய சத்தம். சிங்கராயர். நான் அவரைப் பார்த்ததில்லை, நான் வருவதற்கு நாலு வருஷம் முன்னாலேயே போய்விட்டார், அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறார், ஒரு கண் கொஞ்சம் பெரிது. துப்பாக்கி அவருடையது, வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற பழைய ஒற்றைக் குழல், பின்பக்கத் துளையில் கேப்பு என்று ஒரு சின்ன வெடி மூடியை வைத்துத்தான் சுட வேண்டும். குண்டு வார்க்கிற இந்த அச்சும் அவருடையது. கொறடு மாதிரி இரண்டு கை, முனையில் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியிலும் அரைக் கோளமாக ஒரு குழி, இரண்டையும் மூடினால் உள்ளே முழு உருண்டை. ஒரு பாதியில் இரண்டு சின்ன முளை, மறு பாதியில் அவை போய் உட்கார இரண்டு துளை, அதுதான் இரண்டு குழியையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. மேலே ஈயம் ஊற்ற ஒரு வாய். அவ்வளவுதான். என் பாட்டுக்கு அதை ஒரு மண்ணாங்கட்டி சாமானாக நினைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான்தான் போன திங்கட்கிழமை அதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன், ஐயோ இவ்வளவு கறுப்பா, என்று நினைத்தேன். கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் நான் தேய்க்காத சாமான் அது ஒன்றுதான். கான்வென்ட்டில் சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்குப் பீடத்துச் சாமான் தேய்க்கிற வேலை. மெழுகுதிரித் தண்டு, தூபக்கலசம், தீர்த்தச் செம்பு. புளி, செங்கல் பொடி, கடைசியில் ஒரு கை சாம்பல். மதர் கன்சொலாத்தா வரிசையாக வந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார்கள். "என்ன தெரிகிறது, செலஸ்தின்?" "என் முகம் தெரியுது, மதர்." "பல் தெரிகிறதா?" "இல்லை, மதர்." "அப்படியானால் தேய்." பல் தெரியும்வரை தேய்த்தவள் நான். இந்த அச்சையும் திங்கட்கிழமை மத்தியானம் முழுக்க, அமலி தூங்கின நேரத்தில், பல் தெரியும்வரை தேய்த்தேன். குழிக்குள் துணியைச் சுற்றி விரலை விட்டுச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அது. இரண்டு பிறை நிலா மாதிரி இரண்டு குழி. கறுப்பு என்றால் அழுக்கு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கறுப்பாக இருந்துகொண்டே சுத்தமாக இருக்கிற ஒரு பொருளை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறேன். வெளியே ஏதோ இருக்கிறது, நான் சனிக்கிழமை மத்தியானங்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயம் வந்தால் எனக்கு எப்போதும் இப்படித்தான், பயத்தை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் இருக்கிற எதையாவது பிடித்துக்கொள்வேன். பிரசவத்தின்போது ஆஸ்பத்திரிச் சுவரில் பல்லி முட்டை போட்டிருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வலி வேறு யாருக்கோ என்கிற மாதிரி. சரி. பேச்சியக்கா வீடு கால் மைல் கீழே. கூப்பிட்டால் கேட்காது. போன வருஷம் பேச்சியக்கா வீட்டுக்காரரைக் கரடி முகத்தில் அறைந்தது, சறுக்குப் பாதையில், அதனால்தான் இன்னாசி இருட்டில் நடந்து வந்தால் ஒரு குண்டு கெட்டித்துக்கொண்டு வருகிறார். ஜீப் இறக்கிவிடுகிற இடத்தில் மொக்கைச்சாமி டீக்கடை, அங்கே உட்கார்ந்து கெட்டிப்பார், பிறகு ஒன்றரை மைல் நடை. இன்றைக்கும் அப்படித்தான் வருவார். குண்டுப் பையைக் காலையில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த இடத்தில் என் நினைப்பு ஒரு முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றது, நான் அதை மெதுவாக எடுத்துவிட்டு அப்பால் போகப் பார்த்தேன், போக முடியவில்லை. குண்டுப் பை. அதில் பதினொரு குண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷெட்டில் அவரும் நானும் வார்த்தது. நான் வீட்டுக்குள் ஈயம் உருக்க விடுவதில்லை, ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் போய் உட்காரும் என்று பத்தாவதில் கெமிஸ்ட்ரி சிஸ்டர் சொன்னதை நான் மறக்கவில்லை, ஷெட்டில்தான் எல்லாம், முடிந்ததும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அமலியைத் தூக்குவேன். அன்றைக்கு அவர் அடுப்பைக் கவனித்தார், கரண்டியில் அள்ளி ஊற்றினார், அச்சைப் பிடித்தது நான். முதல் குண்டு திறந்ததும் அதன் இடுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய வரம்பு இருந்தது. வெற்றிலை நரம்பு மாதிரி. இரண்டு பாதியும் ஒட்டி மூடவில்லை, ஈயம் நடுவில் கசிந்திருக்கிறது. அவர் பார்க்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, புகை வேறு. நான் அவருக்குக் காட்டியிருக்கலாம். "இங்க பாருங்க" என்று இரண்டு வார்த்தை. அதற்குப் பதிலாக நான் அன்றைக்கு ராத்திரி ஷெட்டிலேயே உட்கார்ந்து பன்னிரண்டு குண்டின் இடுப்பிலிருந்தும் அந்த வரம்பை இதே அரத்தால் எடுத்தேன். கான்வென்ட்டில் லேஸ் பின்னிய கை, ஊசிமுனை வேலை செய்த கை, ஒன்றில்கூடத் தடம் தெரியவில்லை. காலையில் அவர் ஒன்றை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தார். "ஏய் செலி, மணி மாதிரி இருக்கே! எங்கப்பனுக்குக்கூட இப்படி விழுந்ததில்லப்பா." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது என்னால் நினைக்க முடியவில்லை.

பன்னிரண்டாவது குண்டை அவர் மாதிரிக்கு என்று அச்சுப் பெட்டியிலேயே போட்டார், மாமனார் வார்த்த ஒரு பழைய குண்டுக்குப் பக்கத்தில். காலையில் கிளம்பும்போது, "அச்சுக்கு எண்ணெய் காட்டி வை, துரு ஏறிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்காகத்தான் விளக்கு வைத்தபிறகு கைகளுக்குக் கீழே பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். எண்ணெய் போடுவதற்கு முன்னால் அந்த வரம்பு ஏன் விழுந்தது என்று பார்க்கத் தோன்றியது. மூடி, மெழுகுவர்த்திக்கு நேரே பிடித்தேன். இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம். அப்போது ஒரு யோசனை வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரு பாதியை மட்டும் மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினேன், மூடினேன், திறந்தேன். மற்ற எல்லா இடத்திலும் கறுப்பு அப்படியே இருந்தது, துளை ஓரத்தில் மட்டும் நசுங்கியிருந்தது. அங்கேதான் முட்டுகிறது. குண்டூசியால் கிண்டினேன். துளைக்குள்ளிருந்து சிவப்பாகப் பொடி வந்தது. செங்கல் பொடி. என் செங்கல் பொடி. புளியோடு சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது, அதனால் முளை முழுக்க இறங்கவில்லை, அதனால் இரண்டு பாதியும் ஒட்டவில்லை. அதை எடுத்துவிட்டு மூடினேன், வெளிச்சம் போய்விட்டது, எனக்கு ஒரு நிமிஷம் எவ்வளவு நிம்மதி. ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தது, அதை எடுக்கத்தான் அரத்தைக் கையில் எடுத்தேன். எடுத்த அந்த நேரத்தில்தான் வெளியே அந்தச் சத்தம். அப்படியானால் இப்போது நான் பயப்படுவது எதற்கு? வெளியே இருப்பதற்கா? இல்லை. அச்சு ஒட்டாமல் வார்த்தால் குண்டு வரம்பு இருக்கிற பக்கம் மட்டுமில்லை, முழுக்கவே கொஞ்சம் பெருத்துத்தானே விழும்? குழியையும் நான்தானே பொடி வைத்துச் சுழற்றிச் சுழற்றி அகலப்படுத்தினேன்? வரம்பை எடுத்ததால் பார்க்க அழகாகிவிட்டது. பெருத்தது பெருத்ததுதான். பழைய குண்டை எடுத்தேன், புதுக் குண்டை எடுத்தேன். விரலுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. விரலை நம்பக் கூடாது. சுற்றிலும் பார்த்தேன், அளக்க ஒன்றுமில்லை, பிறகு என் மோதிரத்தைக் கழற்றினேன். கல்யாண மோதிரம், பிள்ளை பெற்றபிறகு விரலில் கொஞ்சம் தளர்ந்துதான் கிடக்கிறது. மாமனாரின் குண்டு மோதிரத்துக்குள் விழுந்து பேப்பரில் உருண்டது. என்னுடைய குண்டு மோதிரத்தின்மேல் உட்கார்ந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தது, கூட்டில் முட்டை மாதிரி.

துப்பாக்கி வீட்டில் இருந்திருந்தால் அவர் குழல் வாயில் வைத்துப் பார்த்திருப்பார், இது இறங்காதே என்று சொல்லியிருப்பார், அத்தோடு போயிருக்கும். துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. இதுவரைக்கும் இரும்புக்கடைக்காரன் மாதிரி நிதானமாக யோசித்துக்கொண்டே வந்தவள் இங்கே வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஈயம் மெத்தென்ற சாதி. கொஞ்சம் பெருத்திருந்தால் இறங்காமல் இருந்துவிடாது, கம்பி வைத்து அடித்தால் வளைந்து கொடுத்து உள்ளே போகும், பாதி போகும், பாதியில் இறுகி நிற்கும். மருந்து அடியில், குண்டு நடுவில், இரண்டுக்கும் இடையில் காற்று. அப்படி நின்றதை அறியாமல் சுட்டவர்தான் இன்னாசியின் தொம்மைச் சித்தப்பா, கல்யாணத்தில் எனக்கு ஆசீர் கொடுக்க வந்தார், நெற்றியில் சிலுவை போட்ட அந்தக் கையில் மூன்று விரல்தான் இருந்தது, ஒரு பக்கத்து முகம் மெழுகு உருகி உறைந்த மாதிரி. நான் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டேன், பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். இன்னாசியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன், இருக்கிற முகம் வரவில்லை, சித்தப்பாவின் முகம்தான் வந்தது. ஃபோன் பண்ண வேண்டும். உடனே பண்ண வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. களத்து ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் துணி துவைக்கிற கல், அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். முப்பது அடி தூரம். நாற்பது இருக்குமோ. சர்ர்ரக். அந்தப் பக்கம்தான். இப்போது சந்தேகமில்லை, அந்தப் பக்கம்தான். அவர் சாதாரணமாக எட்டு எட்டேகாலுக்கு மொக்கைச்சாமி கடைக்கு வருவார். இப்போது மணி என்ன? எட்டு ஐந்து. ஒருவேளை ஜீப் கிடைக்காமல் கீழேயே தங்கிவிட்டாரோ. ஒருவேளை இன்றைக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லையோ, ரைட்டர் இல்லை நாளைக்கு வா என்றிருப்பார்கள், எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவேளை குண்டு போகிற அளவுக்குத்தான் பெருத்திருக்கிறதோ. ஒருவேளை, ஒருவேளை. ஒவ்வொரு ஒருவேளையும் என்னை மறுபடி நாற்காலியில் உட்கார வைக்கிறது, கவனித்தேன், உண்மையிலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

சின்ன வயதில் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது சொல்வதற்கு என்னிடம் பாவமே இருக்காது. அதனால் செய்துகொள்வேன். பென்சில் திருடினேன் என்பேன், திருடியிருக்க மாட்டேன். பொய் சொன்னேன் என்பேன், அந்தப் பொய்தான் அந்த வாரத்து ஒரே பொய். கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கொட்டாவி விடுவது கேட்கும். இப்போது, உண்மையாக ஒன்று இருக்கும்போது, முழங்காலிட இடமும் இல்லை, வலையும் இல்லை, ஒரு துவைக்கிற கல் இருக்கிறது, இருட்டுக்கு நடுவில். இரண்டு பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அந்த இரண்டு குண்டு மாதிரி. வெளியே இருப்பதைப் பற்றிய பயம். அவரிடம் சொல்வதைப் பற்றிய பயம். எது பெரிது என்று கேட்டால், சிரிக்காதீர்கள், கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. மணி மாதிரி இருக்கே என்றவரிடம் போய், அது நான் மறைத்தது என்று சொல்ல வேண்டும். அமலியைத் தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? தூக்கினால் விழித்து அழுவாள், அழுகைக்கு அது எதுவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்கும். விட்டுப் போனால், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், விடியும்வரை இந்தத் தொட்டிலில், மெழுகுவர்த்தியோடு. மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் போகலாம். அணைத்தால் இருட்டில் விழிப்பாள். தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தேன், எரிந்து முடிந்தாலும் தண்ணீரில்தான் முடியும். கதவை வெளியிலிருந்து சங்கிலி போட்டேன், வெளிச் சங்கிலி எப்போதும் ஒழுங்காகத்தான் விழுகிறது, இந்த வீடு நாங்கள் வெளியே போவதற்கு மட்டும்தான் ஒத்துழைக்கிறது. ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்தேன். ஒரு அருள் நிறைந்த மரியேக்கு ஐந்து அடி. பனி காலில் ஏறியது. சத்தம் நின்றுவிட்டது. சத்தம் இருந்ததைவிட அது மோசம். ஏழாவது மரியேயில் கல் காலில் இடித்தது, ஏறினேன், ஃபோன் வெளிச்சத்தில் என் கை மட்டும் தெரிந்தது, ஒரு கோடு, இரண்டு கோடு.

ஐந்தாறு தடவை மணி அடித்தபிறகு எடுத்தார். "என்ன செலி? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" பிள்ளை தூங்குது, நீங்க எங்க இருக்கீங்க, என்றேன். "மொக்கைச்சாமி கடையிலதான். இப்பத்தான் எறக்கி விட்டான். கெளம்பிருவேன், இந்தக் குண்டு எறங்கித் தொலைய மாட்டேங்குது, அதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்." பின்னாலிருந்து மொக்கைச்சாமியின் குரல், டீ ஆற்றுகிற சத்தத்தோடு, "சுத்தியல் வேணும்னா கேளுப்பா, ரெண்டு போடு போட்டா எறங்கிட்டுப் போகுது!" நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. "அடிக்காதீங்க! என்னங்க, அதை அடிக்காதீங்க." "ஏன், என்னாச்சு?" சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, வரிசையாக இல்லை, பின்னாலிருந்து முன்னால் சொன்னேன், மோதிரத்தில் ஆரம்பித்தேன். "நான் அச்சைத் தேய்ச்சுட்டேங்க." "தேய்ச்சேன்னா?" "புளி போட்டு. செங்கல் பொடி போட்டு." "அது என்ன குத்துவிளக்காப்பா?" என்றார், மெதுவாக. "அந்தக் கறுப்பு எங்கப்பன் முப்பது வருஷமா ஏத்தினது. அது இருந்தாத்தான் ஈயம் ஒட்டாது." "குண்டு இடுப்புல வரம்பு விழுந்துச்சு. நான் அரத்தால எடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லல." "ஏன் சொல்லல?" "நீங்க மணி மாதிரி இருக்குன்னு சொன்னீங்க." "ஆமா," என்றார், "சொன்னேன்." அப்புறம் ஃபோனை விலக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சுத்தியலை வைங்க. ஒரு சொம்பு தண்ணி குடுங்க." "என்னப்பா, வீட்டுல உத்தரவா?" "ஆமாண்ணே, மேலிடத்து உத்தரவு." எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று கேட்டேன். "ஒரு முழம் எறங்கி இறுகி நிக்குது. சுத்தியலால ரெண்டு போட்டா அடியில உக்காந்துரும், அப்புறம் கேப்பை வைக்க வேண்டியதுதான்னு இருந்தேன்." அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "பயப்படாத. கேப்பு வைக்கிற துளை வழியா தண்ணிய விட்டு மருந்தை ஊறப் போட்டுடுறேன். இனி இது வெறும் கம்பு." கல்லின்மேல் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததும் சிக்னல் ஒரு கோடாகிவிட்டது, மறுபடி எழுந்தேன். "...நடந்து வர முடியாது செலி, சறுக்குப் பாதையில வெறுங்கையோட வேணாம். இங்கயே பெஞ்சுல படுத்துட்டு விடிஞ்சதும் வந்துர்றேன்." நான் கேட்டுக்கொண்டது இதுதானே, அவர் சுடாமல் இருக்க வேண்டும் என்றுதானே, அதற்கு இதுதான் விலை என்று நான் யோசிக்கவே இல்லை. "இங்க என்னமோ சத்தம் கேக்குதுங்க. தாழ்ப்பாளும் விழல." "ஆட்டுக்கல்லைக் கதவுக்குப் பின்னால தள்ளி வை." "ஆட்டுக்கல் வெளியதானே கெடக்கு." அவர் சிரித்தார். அந்த நேரத்திலும் சிரித்தார். "முப்பது வருஷத்துக் கறுப்பை ஒரே மத்தியானத்துல எறக்குனவளுக்கு ஒரு தாழ்ப்பாள் என்னப்பா பெரிசு?" லைன் போய்விட்டது.

அது குத்தலா, மன்னிப்பா? கல்லின்மேல் நின்றுகொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னப்பா என்று முடித்தது கோபமில்லை, ஆனால் எறக்குனவளுக்கு என்று சொன்ன இடத்தில் குரல் கொஞ்சம் ஏறியதா, இல்லை லைன் அப்படியா? அப்போதுதான் சர்ர்ரக் என்று, இவ்வளவு பக்கத்தில், என் முதுகுக்குப் பின்னால். திரும்பினேன். ஃபோன் வெளிச்சத்தைத் தூக்கவில்லை, தூக்கக் கூடாது என்று உடம்புக்கே தெரிந்திருந்தது. ஷெட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த தகரத்துக்கு முன்னால் இருட்டைவிடக் கறுப்பாக ஒரு பாறை நின்றது. பகலில் அங்கே பாறை கிடையாது. கீழே நாலு வெள்ளைக் கால், காலுறை போட்ட மாதிரி. காட்டுமாடு. தலையை மேலிருந்து கீழே இறக்கித் தகரத்தை நக்கியது, சர்ர்ரக், நின்று மென்றது, மறுபடி நக்கியது. வெயில் கண்ட நாலு நாளும் அந்தத் தகரத்தில்தான் நான் நார்த்தங்காய்க்கு உப்புத் தடவிக் காய வைத்தேன். காயைத்தான் சாயங்காலம் உள்ளே எடுத்தேன், உப்பை எடுக்கவில்லை. அதுவும் என் கைவேலைதான். இந்த வீட்டில் இன்றைக்கு நடக்கிற எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தியே காரணமாக இருப்பது எனக்கு ஏனோ கொஞ்சம் தைரியத்தைக் கொடுத்தது. அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. கண் தெரியவில்லை, பார்க்கிறது என்று மட்டும் தெரிந்தது. மூக்கிலிருந்து புகை வந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு, எண்ணெய் காட்டின கறுப்பு, அதில் ஒரு அழுக்கும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு அது என்னைப் பார்த்து முடித்துவிட்டு உப்புக்குத் திரும்பியது. நான் முதுகைக் காட்டாமல் ஏழு மரியே தூரமும் பின்பக்கமாகவே நடந்தேன், சங்கிலியை எடுத்தேன், உள்ளே வந்து கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்தேன். அமலி கட்டைவிரலை விட்டுவிட்டு இப்போது போர்வை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

சாய்ந்தபடியே விடியும்வரை நிற்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் நிற்கவும் செய்தேன். மாடு கதவைத் தள்ளாது, அதற்கு உப்பு போதும். ஆனால் மாடு இருக்கிற இடத்துக்கு வேறு எதுவும் வரலாம், மாடு போனபிறகும் ராத்திரி இருக்கும். தோள் மரத்துப்போனபோது மேஜையைப் பார்த்தேன். அச்சு அங்கே வாயைத் திறந்தபடி கிடந்தது, ஒரு பாதி பளபளவென்று, ஒரு பாதி மெழுகுவர்த்திப் புகையில் கறுத்து. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மெழுகுவர்த்தியை எடுத்துவந்தேன். தாழ்ப்பாள் கம்பியின் முனையைச் சுடரில் காட்டினேன், பெயிண்ட் கருகின நாற்றம், முனை முழுக்கக் கறுப்பு ஏறியது. துளையைப் பார்த்துத் தள்ளினேன். முட்டியது. இழுத்துப் பார்த்தேன். நிலையில் அடித்திருக்கிற தகட்டில், துளையின் கீழ் உதட்டில், நகம் பதிந்த மாதிரி கறுப்பாக ஒரு பிறை. இங்கேதான் முட்டுகிறாய் நீ. இரண்டு மாதமாக இங்கேதான், இந்த ஒரு பிறை அளவுதான். அரத்தின் மெல்லிய முனையைத் துளைக்குள் விட்டுக் கீழ்ப்பக்கமாகத் தேய்த்தேன். சர்ரக். வெளியே இருந்தது ஒரு நொடி நின்று கேட்டது, பிறகு அதுவும் சர்ர்ரக் என்றது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தோம். பொடி என் விரலில் விழுந்தது, இந்தத் தடவை சிவப்பில்லை, இரும்புப் பொடி, நான் அவசரப்படவில்லை, பல் தெரிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, தேவையான அளவுக்கு மேல் ஒரு மயிரிழை கூடப் போகக் கூடாது என்று மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி புகை காட்டினேன், மறுபடி தள்ளினேன். பிறை சின்னதாகியிருந்தது. மறுபடி தேய்த்தேன். மூன்றாவது தடவை பிறை ஒரு புள்ளி. கை கறுப்பு, முந்தானை கறுப்பு, நெற்றியைத் துடைத்ததில் நெற்றியும் கறுத்திருக்கும், காலையில் வந்து பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று நினைத்தேன், அவர் காலையில் வருவார் என்று எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டேன் என்று அப்புறம்தான் உறைத்தது, இரண்டு கண்ணோடும், பத்து விரலோடும், திட்டிக்கொண்டே வருவார், வந்ததும் அச்சைக் கையில் எடுப்பார், நான் பக்கத்தில் நிற்பேன், சொல்வதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லாமல். அரத்தைக் கீழே வைத்தேன். கதவைத் தோளால் ஒரு தடவை அழுத்தி, கம்பியைத் தள்ளினேன். தயங்கியது. பிறகு முழுக்க உள்ளே போனது.